சக்குரா பிக்மா மைக்ரான் பேனா: அக்டோபர் முழுக்க காளான் வரைஞ்சு பாத்துட்டு எழுதுற ரிவ்யூ

முதல்லயே முடிவ சொல்லிடறேன். கறுப்பு இங்க்ல காளான் வரையணும்னு ஆசை இருந்தா 005, 01, 05 இந்த மூணு சைஸ் மட்டும் லூஸ்ல வாங்குங்க. ஆறு பேனா செட்டு, பத்து பேனா செட்டுன்னு போக வேணாம், மிச்சமாகுற காச நல்ல பேப்பர்ல போடுங்க. ஏன் அப்படின்றதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமை இருக்கறவங்க படிங்க.

அக்டோபர்ல இங்க்டோபர்னு இங்க்ல படம் வரையற சேலஞ்ச் ஒண்ணு நடக்கும்ல, ஜேக் பார்க்கர்னு ஒரு அமெரிக்க ஓவியர் 2009ல தன்னோட இங்க் கை தேறணும்னு தனக்காக ஆரம்பிச்சது, அப்புறம் அது உலகம் பூரா பரவிடுச்சு. காளானுக்குன்னே பிப்ரவரில ஃபங்குவரின்னு தனியா ஒரு சேலஞ்ச் இருக்கு. ஆனா பிப்ரவரில நம்ம பக்கம் தரையெல்லாம் காஞ்சு கெடக்கும், கட்டையில ஒட்டிக்கிட்டிருக்கற மரக்காளான் தவிர பெருசா எதுவும் கண்ணுல படாது. அக்டோபர்னா கதையே வேற. ஒரு மழை முடியுறதும் இன்னொரு மழை தொடங்குறதும் ஒட்டி ஒட்டி வர்ற நேரம், மலைக்குத்தான் போகணும்னு இல்ல, தென்னந்தோப்பு, எருக்குழி, வெட்டிப்போட்ட மாமரக்கட்டை, புத்து மேடுன்னு எங்க குனிஞ்சாலும் ஏதாவது ஒண்ணு முளைச்சு நிக்கும். அதனால நாங்க வரையற ஆளுங்க கொஞ்ச பேரு சேர்ந்து அக்டோபருக்கே காளான்னு வெச்சுக்கிட்டோம். ரூல் ரெண்டே ரெண்டுதான், நாமளே நேர்ல பாத்த காளானா இருக்கணும், ஒவ்வொரு படமும் வேற வேற ஸ்டைல்ல இருக்கணும். அந்த ரெண்டாவது ரூல்தான் பேனாவோட நெஜமான குணத்த வெளிய கொண்டு வந்துச்சு, ஏன்னா ஒரே ஸ்டைல்ல வரைஞ்சா எந்த பேனாவும் நல்ல பேனாவாத்தான் தெரியும்.

பேனா பத்தி கொஞ்சம். சக்குரா 1921ல ஜப்பான்ல க்ரேயான் கம்பெனியா ஆரம்பிச்சது. பிக்மான்றது அவங்க 1982ல கொண்டு வந்த இங்க்கோட பேரு. சாதாரண ஸ்கெட்ச் பேனால இருக்கறது சாய இங்க், அது தண்ணில கரைஞ்சிருக்கற கலர், அதனால மறுபடி தண்ணி பட்டா மறுபடி கரையும், வெயில் பட்டா வெளுக்கும். பிக்மால இருக்கறது ரொம்ப ரொம்ப நுணுக்கமா அரைச்ச நிறமித் துகள், அது தண்ணியில கரையாது, பேப்பர் நாருக்குள்ள போய் ஒக்காந்து காஞ்சுட்டா அப்புறம் மேல வாட்டர்கலர் ஓட்டினாலும் அசையாது. ம்யூசியம்ல ஸ்பெசிமென் லேபிள் எழுதறவங்க இந்த மாதிரி இங்க்க விரும்புறது இதனாலதான்.

சைஸ் நம்பர்ல நிறைய பேரு குழம்புறாங்க. 01னா 0.1 மில்லிமீட்டர் கிடையாது, கோடு 0.25 மில்லிமீட்டர் வரும். 005னா 0.20, 05னா 0.45, 08னா 0.50. எல்லாத்துலயும் மெல்லிசு 003, அது 0.15. வேற சில பிராண்டுல நம்பரே நேரா மில்லிமீட்டர் கணக்கா இருக்கும், அத நெனைச்சுக்கிட்டு இத வாங்கினா கைல வந்ததும் என்னடா இவ்ளோ தடியா இருக்குன்னு தோணும். வாங்குறதுக்கு முன்னாடி இந்த ஒரு கணக்க மனசுல வெச்சுக்கோங்க.

சரி, காளானுக்கு வருவோம்.

புள்ளி வெச்சு வரையற ஸ்டிப்ளிங்தான் இந்த பேனாவோட சொந்த வீடு, இத எந்த தயக்கமும் இல்லாம சொல்லுவேன். நான் எடுத்துக்கிட்டது பறவைக்கூடு காளான். பாத்திருக்கீங்களா தெரியல, மக்கிப்போன குச்சி மேல, பூந்தொட்டி மண்ணு மேலகூட வரும், சுண்டுவிரல் நகத்த விட சின்ன கிண்ணம், அதுக்குள்ள தட்டையான குட்டி முட்டைங்க. மழைத்துளி சரியா அந்த கிண்ணத்துக்குள்ள விழுந்தா அந்த வேகத்துல முட்டை எகிறி வெளிய போய் விழும், அப்படித்தான் அது விதை பரப்புது. இத பென்சில்ல ஷேட் பண்ணினா ஒரே அழுக்காத் தெரியும், கிண்ணத்தோட உள்பக்கம் வழவழன்னும் வெளிப்பக்கம் ரோமமாவும் இருக்கறது பிரியவே பிரியாது. 005ஐ நேரா செங்குத்தா புடிச்சு, அழுத்தாம, தொட்டுத் தொட்டு எடுத்தா ஒவ்வொரு புள்ளியும் ஒரே அளவுல விழுது. புள்ளி நெருங்கினா இருட்டு, விலகினா வெளிச்சம், அவ்ளோதான் டெக்னிக், மிச்சமெல்லாம் பொறுமை. அறிவியல் படம் வரையறவங்க இத்தன வருஷமா புள்ளிய விடாம இருக்கறதுக்கு காரணமும் இதான், கறுப்பு புள்ளி அச்சுல அப்படியே வரும், பென்சில் ஷேட் அச்சுல செத்துடும். ரெண்டு மணி நேரம் புள்ளி வெச்சதுக்கப்புறமும் கடைசி புள்ளி முதல் புள்ளி சைஸ்லயே விழுதான்னு பாருங்க, அதுதான் இந்த வகை பேனாக்கு பரீட்சை. இதுக்கு முன்னாடி நான் வெச்சிருந்த வேற ஒரு பேனா (பேரு வேணாம்) பாதி குடை வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள மொன்னையாகி பெரிய பெரிய புள்ளியா வைக்க ஆரம்பிச்சிடும். மைக்ரான் கடைசி வரைக்கும் அளவு மாறல.

அடுத்தது கோடு. காளான்ல கோட்டுக்கு பரீட்சைன்னா குடைக்கு அடியில இருக்கற மடிப்புங்கதான். பெரிய மடிப்பெல்லாம் தண்டுல இருந்து கிளம்பி விளிம்பு வரைக்கும் போகும், நடுவுல குட்டி மடிப்புங்க விளிம்புல ஆரம்பிச்சு பாதியிலயே நின்னுடும். எல்லாத்தையும் ஒரே கனத்துல வரைஞ்சா சைக்கிள் சக்கரம் மாதிரி ஆயிடும், உயிர் இருக்காது. பெரிய மடிப்புக்கு 01, நடுவுல வர்ற குட்டிக்கு 005, குடை விளிம்புக்கும் தண்டோட நிழல் பக்கத்துக்கும் 05. இப்படி மூணு கனம் வந்ததும் படம் தானா எழுந்து நிக்குது. 02, 03, 04ன்னு நடுவுல இருக்கற சைஸெல்லாம் எனக்கு தேவையே படல, 0.25க்கும் 0.30க்கும் உள்ள வித்தியாசத்த கண்ணு புடிக்கறதில்ல, செட்டா வாங்க வேணாம்னு சொல்றது இதுக்குத்தான்.

இங்க ஸ்கிசோஃபில்லம் பத்தி சொல்லியே ஆகணும். மாமரக்கட்டையில வெள்ளையா சாம்பலா விசிறி விசிறியா ஒட்டியிருக்கும், உலகத்துல ரொம்ப சாதாரணமா கிடைக்கற காளான்ல ஒண்ணு, நாம யாருமே நின்னு பாக்கறதில்ல. திருப்பி லென்ஸ் வெச்சு பாத்தா ஒவ்வொரு மடிப்பும் நீளவாக்குல ரெண்டா பிளந்திருக்கும். காய்ஞ்சா அந்த பிளவு சுருண்டு மூடிக்கும், மழை பட்டா மறுபடி விரியும். நான் அத ஐரோப்பிய எட்சிங் பாணியில, வெறும் குறுக்குக்கோடு மட்டும் போட்டு வரைஞ்சேன். ஒவ்வொரு மடிப்புக்கும் ரெட்டைக்கோடு, 005லயே இழுத்தது, ஒரு எடத்துலகூட ரெண்டு கோடு ஒட்டிக்கல. மேல்பக்க ரோமத்துக்கும் அதே 005தான், வேரு பக்கத்துல இருந்து நுனி பக்கம் சட்டுன்னு இழுத்து விட்டா நுனி தானா மெலிசாகுது.

கனோடெர்மாவுக்கு மரச்செதுக்கு ஸ்டைல் எடுத்தேன். தென்னை மரத்தோட அடியில பழுப்பு கலர்ல வார்னிஷ் அடிச்ச மாதிரி மினுமினுப்பா தட்டு தட்டா வருமே அதுதான். தென்னை வெச்சிருக்கறவங்களுக்கு அத பாத்தாலே வயித்த கலக்கும், ஏன்னா அது அடித்தண்டழுகல், 1952ல தஞ்சாவூர் பக்கம் கண்டதால தஞ்சாவூர் வாடல்னே பேரு வந்துடுச்சு. தட்டு வெளிய தெரியுறப்பவே உள்ள மரம் ரொம்ப தூரம் கெட்டுப்போயிருக்கும். ஆனா வரையறதுக்கு இத விட அழகான ஒண்ணு கிடைக்காது, வளையம் வளையமா போற மேடு பள்ளம், ஓரத்துல மட்டும் வெள்ளை. மரச்செதுக்குன்னா கறுப்பு அதிகம், வெள்ளை கொஞ்சம், கோடெல்லாம் தடியா முனை கூரா இருக்கணும். இங்கதான் மைக்ரானோட எல்லை தெரிய வருது. பெரிய கறுப்பு பரப்ப 05ல நிரப்ப உக்காந்தா கை வலிக்கும், பேனாவும் சீக்கிரம் தீரும், ரீஃபில் பண்ண முடியாத பேனா இது, தீந்தா தூக்கித்தான் போடணும். கறுப்ப நிரப்புறதுக்கு ஒரு பாட்டில் இந்தியன் இங்க்கும் பழைய பிரஷ்ஷும் போதும், விலையும் கம்மி. ஓரத்த மட்டும் மைக்ரான்ல கட்டுங்க, உள்ள பிரஷ்ல ஓட்டுங்க.

கனம் மாறி மாறி ஓடுற கோட்டுக்கும் இது ஆகாது. சுமின்ற ஜப்பானிய மை ஓவிய பாணியில ஒரே வீச்சுல குடையும் தண்டும் வரணும்னா பிரஷ் வேணும், இல்லன்னா இவங்களோடயே பிக்மா பிரஷ் பேனா இருக்கு, அது வேணும். மைக்ரானோட முனை சின்ன பிளாஸ்டிக் குச்சி, அழுத்தினா கோடு தடிக்காது, முனை உள்ளதான் போகும். எழுதறப்ப அழுத்தி எழுதற பழக்கம் உள்ளவங்க 003, 005 பக்கமே போகாம 01ல இருந்து ஆரம்பிங்க.

எனக்கு ரொம்ப புடிச்ச ரெண்டு படத்துக்கு வர்றேன்.

ஒண்ணு புத்துக் காளான், கருப்பூர் கலம்காரி பாணியில. கும்பகோணம் பக்கத்துல கருப்பூர்ல இன்னும் கையால துணியில வரையறாங்க, 2021ல புவிசார் குறியீடும் கிடைச்சுது, கோயில்ல, தேர்ல உருளையா தொங்க விடற தொம்பையெல்லாம் அவங்க வேலைதான். அந்த பாணியில வெளிக்கோடுதான் ராஜா, ஒரே கனம், நடுங்காத கோடு, உள்ள பூவும் கொடியும் பட்டை பட்டையா. புத்துக் காளான் இதுக்கு அளவெடுத்து செஞ்சது மாதிரி இருக்கு. குடை நடுவுல கூரா ஒரு முனை இருக்கும், கறையான் புத்து மண்ண துளைச்சுக்கிட்டு வர்றதுக்கான முனை அது. தரைக்கு மேல தெரியுறது கொஞ்சம்தான், கீழ வால் மாதிரி தண்டு நீண்டு புத்துக்குள்ள கறையான் வளக்குற பூஞ்சைக்கூடு வரைக்கும் போகும். கறையான் எலைய, கட்டைய மென்னு கொண்டு வந்து அந்த கூட்ட கட்டும், பூஞ்சை அத செரிக்கவெச்சு கறையானுக்கே சோறாக்கும், மழை வந்ததும் மேல குடை விரிக்கும். இவ்ளோ கதையும் தரைக்கு கீழ நடக்குது. அதனால பேப்பர மூணு பட்டையா பிரிச்சேன், மேல குடைங்க வரிசையா, நடுவுல மண்ண துளைச்சு எறங்குற தண்டுங்க, கீழ கூடும் கறையானும், ஓரத்துல கொடி பார்டர். வெளிக்கோடு முழுக்க 05. ஒரே கனத்துல நீளமா கோடு போடறதுல இந்த பேனாவ எதுவும் அடிச்சுக்க முடியாது, மெதுவா போனாலும் வேகமா போனாலும் இங்க் ஒரே சீரா எறங்குது, நின்ன எடத்துல சொட்டு வைக்கறதில்ல.

இன்னொண்ணு சிவப்புக் குடை வெள்ளைப் புள்ளி, கதைப்புத்தகத்துல எல்லாம் வருமே, அமனிட்டா மஸ்காரியா. வெளிநாட்டுல மட்டும்தான் இருக்கும்னு நெனைக்க வேணாம், நீலகிரியிலயும் கொடைக்கானல்லயும் வெளிநாட்டு பைன் மரம் நட்ட காட்டுல வருது, அந்த மரத்தோட வேரோட ஒட்டி வாழ்ற காளான், மரத்தோட சேந்தே வந்து குடியேறிடுச்சு. விஷம், தொட்டு வரையலாம், வாயில வைக்கக்கூடாது. மேல இருக்கற வெள்ளைப் புள்ளி குடையோட நிறம் இல்ல, குட்டியா இருக்கறப்ப முட்டை மாதிரி மூடியிருந்த உறை கிழிஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கற துண்டுங்க, பலமா மழை பெஞ்சா கழுவிட்டு போயிடும், சிவப்பும் வெளுத்து ஆரஞ்சாகும். இத பழைய தாவரவியல் படம் மாதிரி பேனா கோட்டுக்கு மேல வாட்டர்கலர்ல செஞ்சேன். பீட்ரிக்ஸ் பாட்டர்னு இங்கிலாந்துல முயல் கதை எழுதி வரைஞ்சவங்கள தெரியும்ல, அவங்க அதுக்கு முன்னாடி நூத்துக்கணக்குல காளான் வரைஞ்சவங்க, 1897ல காளான் விதைத்தூள் முளைக்கறத பத்தி லண்டன்ல லின்னேயன் சொசைட்டின்ற இயற்கை அறிவியல் சங்கத்துக்கு கட்டுரை அனுப்பினாங்க, பொம்பளைங்க அந்த சங்கத்தோட கூட்டத்துக்கே போக முடியாத காலம். அந்த படங்கள்ல பல இன்னிக்கும் இங்கிலாந்துல ஆம்பிள்சைட்ன்ற ஊர்ல ஆர்மிட் ம்யூசியத்துல இருக்கு. அவங்க காளான ஆராய்ச்சிக்காரி கண்ணால பாத்தாங்க, அழகு தானா வந்துச்சு, எனக்கு இந்த மாசம் பூரா அதான் வழி காட்டுச்சு.

வாட்டர்கலர் ஓட்டுறப்ப மைக்ரான் கோடு அசையல. மூணு தடவ சிவப்பு ஏத்தினேன், ஓரக்கோடு கறுப்பாவே நின்னுச்சு, வெள்ளைப் புள்ளிக்குள்ள ஒரு சாம்பல் கசிவுகூட இல்ல. ஆனா கோடு போட்ட உடனே தண்ணிய விடாதீங்க, வழவழப்பான பேப்பரா இருந்தா நல்லா ஆற விடணும், அதே மாதிரி பென்சில் கோட்ட ரப்பர்ல அழிக்கறதுக்கும் அவசரப்படாதீங்க, ரப்பர் இங்க்கோட மேல் பூச்ச கொஞ்சம் எடுத்துடும், கறுப்பு லேசா வெளிறும். நான் பென்சில அழிச்சதுக்கப்புறம் இருட்டான எடங்கள்ல மட்டும் மறுபடி ஒரு கோடு ஓட்டிடுவேன்.

மைக்கூட்டுக் காளானையும் விட மனசு வரல. எருவுல, புல்தரையில ராத்திரி முளைக்கும், கொஞ்ச நேரத்துலயே ஓரத்துல இருந்து உருகி கறுப்பா சொட்ட ஆரம்பிச்சிடும், தன்னத்தானே செரிச்சுக்கும் அது. அந்த சொட்டுலயே எழுதலாம், பழைய காலத்துல எழுதியும் இருக்காங்க. ஒரு கிண்ணத்துல புடிச்சு வடிகட்டி, நாறாம இருக்க ரெண்டு கிராம்பு போட்டு சூடு பண்ணி வெச்சேன். பிரஷ்ல தொட்டா காப்பித்தூளும் சாம்பலும் கலந்த மாதிரி ஒரு நிறம். முதல்ல அதுல குடைய ஓட்டிட்டு, காஞ்சதும் மேல 01ல கோடு. காயறதுக்கு முன்னாடி பேனாவ வெச்சா முனையில அந்த விதைத்தூள் போய் அடைச்சுக்கும், மெழுகு, கலர் பென்சில், கிராஃபைட் மேல வரைஞ்சாலும் இதே கதிதான், மெல்லிய முனை பேனா எதுக்குமே இது பொது.

விதைத்தூள் அச்சு எடுக்கறதா இருந்தாலும் அதேதான், பேனா வேலைய முதல்ல முடிச்சுட்டு அப்புறமா குடைய கவுத்து வைங்க. புல்தரையில வட்டமா வருதே பெரிய வெள்ளைக் குடை, குளோரோஃபில்லம், அத வெள்ளைப் பேப்பர்ல கவுத்து மேல கிண்ணம் மூடி ராத்திரி பூரா வெச்சா காலையில பச்சை கலர்ல மடிப்போட அச்சு அப்படியே விழுந்திருக்கும், பாக்கவே ஒரு மாதிரி சிலிர்க்கும். அந்த பச்சைதான் எச்சரிக்கையும், பாக்க சாப்பிடற காளான் மாதிரியே இருக்கும், சாப்பிட்டா வாந்தி பேதில ஆஸ்பத்திரிதான். படம் வரைய எடுத்துட்டு வர்ற எந்த காளானும் அடுப்படி பக்கம் போகக்கூடாதுன்னு எங்க குரூப்ல கண்டிப்பாவே சொல்லி வெச்சிருக்கோம்.

பேப்பர் விஷயம். மைக்ரானுக்கு வழவழப்பான பேப்பர் ரொம்ப பொருத்தம், பிரிஸ்டல் அட்டை இல்லன்னா ஹாட் ப்ரெஸ் வாட்டர்கலர் பேப்பர். சொரசொரப்பான பேப்பர்ல மெல்லிய முனை தேயும், கோடும் உடைஞ்சு உடைஞ்சு போகும். கலர் ஓட்ட வேண்டியிருந்தா 300 ஜிஎஸ்எம்முக்கு (பேப்பர் கனத்தோட அளவு) கீழ வேணாம், தண்ணி பட்டதும் அலை அலையா சுருளும். வெறும் புள்ளி, கோடுன்னா 200 ஜிஎஸ்எம்மே தாராளம். வழக்கமா போற கடையில வாட்டர்கலர் பேப்பர்னு சொல்லி குடுத்த ஒரு நோட்டுல 005 கோடு பஞ்சுல மை விழுந்த மாதிரி பரவிடுச்சு, பசை சரியா ஏறாத பேப்பர் அது, பேனா மேல தப்பு இல்ல. வாங்குறப்ப கடைசி பக்கத்தோட மூலையில ஒரு சின்ன கோடு போட்டு பாத்துக்கட்டுமான்னு கடைக்காரண்ணா கிட்ட கேளுங்க, நிறைய பேரு சரின்னுதான் சொல்லுவாங்க.

விலை கடைக்கு கடை மாறுது, அதனால நம்பர் போடல. ஆனா ஸ்கூல் பசங்க வாங்குற ஸ்கெட்ச் பேனாவோட ஒப்பிட்டா நல்ல வித்தியாசம் இருக்கு, அதுலயும் 005தான் முதல்ல தேயும், அத மட்டும் ரெண்டா வாங்கி வைங்க. தேஞ்ச 005ஐ தூக்கி போடாதீங்க, கோடு காஞ்ச மாதிரி வர்ற அந்த கட்டத்துல தண்டோட நாரு, மரப்பட்டை, பாசி இதுக்கெல்லாம் புது பேனால வராத ஒரு மங்கல் வரும். கறுப்பு தவிர செப்பியான்ற பழுப்பு நிறத்துலயும் கிடைக்குது, கலம்காரி, பழைய தாவரவியல் பாணி ரெண்டுக்கும் 01 செப்பியா ஒண்ணு இருந்தா நல்லாருக்கும், அடுத்த அக்டோபருக்கு நான் வாங்கப்போற ஒரே கூடுதல் பேனா அதுதான்.